முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மழை, காற்று, வெயில்: படக்கதையும் யோகா அசைவும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது எப்படி?

வாவிக்கரை | மட்டக்களப்பு

எல்லோருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் முன்பள்ளியொன்றில் படிப்பிக்கிறேன். மூன்றாம் தவணைக்கு "வானமும் மழையும்" என்று கருப்பொருள் எடுத்திருக்கிறோம். ஐப்பசி மழை இறங்க முதல் தொடங்கிவிட வேண்டும். பிள்ளைகள் 22 பேர், 3 தொடக்கம் 5 வயது வரை. அறை 20 அடிக்கு 15 அடி, சீமெந்துத் தரை, பன்பாய் உண்டு.

படப் புத்தகம் வாசித்து, அதோடு எளிய யோகா நிலைகளையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். இரண்டு சிக்கல். கையில் உள்ள புத்தகங்களில் பாதி பனி கொட்டுவது, இலை உதிர்வது என்று போகின்றன. மற்றது, "மரம் மாதிரி நில், மேகம் மாதிரி இரு" என்று சொன்னால் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள். ஆனால் மழை ஏன் வருகிறது, காற்று என்ன செய்கிறது என்று கேட்டால் ஒன்றும் ஏறவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

---

கொண்டல் | மட்டக்களப்பு

டீச்சர், நீங்கள் சொன்ன இரண்டாவது சிக்கல்தான் முக்கியமானது. மேகத்தின் உருவத்தை மட்டும் உடம்பால் காட்டினால் அது நாடக ஒப்பனையோடு நின்றுவிடும். அசைவுக்குள் காரணம் இருக்க வேண்டும்: எது எதைத் தள்ளுகிறது, எது முதலில் வருகிறது, எது பிறகு.

மழையை இப்படிச் செய்யுங்கள். ஐந்தாறு பிள்ளைகள் ஒரு குழு. எல்லோரும் தள்ளித் தள்ளிக் குந்தி இருக்கட்டும், அவர்கள் வாவித் தண்ணீர். ஒரு பிள்ளை இரண்டு கையையும் விரித்து நடுவில் நிற்கும், அது வெயில். வெயில் கையை உயர்த்த உயர்த்த, தண்ணீர்ப் பிள்ளைகள் மெல்ல எழும்பிக் குதிக்காலைத் தூக்கி விரல் நுனியில் நிற்க வேண்டும். இப்போது அவர்கள் கண்ணுக்குத் தெரியாத நீராவி, ஆகவே சத்தமே போடக் கூடாது. மேலே போனதும் குளிர்கிறது, ஒருவரை ஒருவர் நெருங்கிக் கைகோத்துக் கொள்வார்கள். அதுதான் மேகம். இன்னும் இருவர் வந்து சேர, பாரம் கூடுகிறது, இனித் தாங்காது. முழங்காலை மடித்து மெதுவாகக் கீழே இறங்கி, விரலால் தரையில் தட்டுவார்கள். அது மழை. திரும்பவும் வாவித் தண்ணீர்.

கவனிக்க வேண்டியது: "விழு" என்று சொல்லாதீர்கள். சொன்னால் பொத்தென்று விழுவார்கள், சீமெந்தில் முழங்கால் அடிபடும். "இறங்கு" என்று சொல்லுங்கள். மேகத்தைப் புகை என்றோ பஞ்சு என்றோ விளக்கவும் வேண்டாம். மேகம் மிகச் சிறிய தண்ணீர்த் துளிகளின் கூட்டம் என்பதை நாலு வயசுப் பிள்ளை நன்றாகவே விளங்கிக்கொள்ளும், ஏனென்றால் இப்போதுதான் தானே ஒரு துளியாக நின்றது.

மின்னலும் முழக்கமும் இன்னொன்று. பெரும்பாலும் எல்லோரும் முதலில் காலால் தரையை உதைத்துச் சத்தம் போடவைத்து, மறுகாதான் மின்னலைக் காட்டுவார்கள். ஒழுங்கு தலைகீழ். வெளிச்சம் உடனே வந்துவிடும். சத்தம் 1 கிலோமீற்றர் வர ஏறத்தாழ 3 செக்கன் எடுக்கும். ஆகவே ஒரு பிள்ளை மஞ்சள் துணியைச் சட்டென்று விரிக்கட்டும், எல்லோரும் மூன்று எண்ணட்டும், பிறகு கால் தட்டட்டும். மின்னல் கிட்ட வந்தால் ஒன்று மட்டும் எண்ணலாம். இதே விளையாட்டில் பாதுகாப்பையும் சேர்த்துவிடலாம்: முழக்கம் கேட்டதும் எல்லோரும் "வீட்டுக்குள்" ஓடாமல் நடந்து போய்ப் பாயில் இருக்க வேண்டும்.

காற்றுக்கு மரம் நிலை. ஆனால் தனியாக மரமாக நிற்பதில் பயன் குறைவு. சோடியாக விடுங்கள், ஒருவர் தாவணித் துண்டோடு காற்று, மற்றவர் மரம். அளவு பார்க்கத் தென்னை இருக்கிறது: ஓலை நுனி மட்டும் ஆடினால் மெல்லிய காற்று, முழு ஓலையும் ஆடினால் பலமான காற்று, மரமே வளைந்தால் வெளியே நிற்கக் கூடாத காற்று. விரல், கை, இடுப்பு என்று மூன்று படியாகப் பிள்ளைகள் அதைக் காட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் அசைவு தொடங்க முதல் வாசலில் நின்று தென்னையைப் பார்த்து, இன்றைக்கு எந்தக் காற்று என்று அவர்களே முடிவு சொல்லட்டும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து வரும் கச்சான் காய்ந்த, சூடான காற்று. மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வருகிறது. மார்கழியில் கடல் பக்கமிருந்து வரும் வாடை மழை கொண்டுவரும். பிள்ளைக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். "மலைப்பக்கக் காற்று உடுப்பைக் காயவைக்கும், கடல்பக்கக் காற்று மழை கொண்டுவரும்" என்று சொல்லி, அந்தந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கவைத்தால் போதும்.

---

பாய்விரிப்பு | மட்டக்களப்பு

சின்னப் பிள்ளைகளுக்கான யோகா தொடர்பாக உடம்புப் பக்கம் மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இடம். 20 அடிக்கு 15 அடி என்றால் 300 சதுர அடி. கை இரண்டையும் விரித்து அசைய ஒரு பிள்ளைக்கு 4 அடிக்கு 4 அடியாவது வேண்டும். 22 பேருக்கு 352 சதுர அடி, அதுவும் கதிரை, அலுமாரி எதுவும் இல்லாமல். ஆகவே ஒரே நேரத்தில் பாதிப் பேர்தான் எழும்பலாம். மீதிப் பேர் சுவரோரம் இருந்து மழைச் சத்தம் போடட்டும்: ஒரு விரலால் தொடையில் தட்டு, இரண்டு விரல், உள்ளங்கை, திரும்ப இரண்டு விரல், ஒரு விரல், அமைதி. இதைச் சும்மா இருக்கும் நேரமாக நினைக்காதீர்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பழகுவதும் பயிற்சிதான்.

பன்பாய் சீமெந்தில் வழுக்கும். நிற்கும் நிலைகள் எல்லாம் வெறுந்தரையில், வெறுங்காலோடு. முழங்கால் ஊன்றும் நிலைக்கு மட்டும் பாய்.

நேரம் 10 தொடக்கம் 12 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னரே முடித்துவிடுங்கள், காலை 9 மணிக்கு முன் நல்லது. கச்சான் காலத்தில் தொடங்க முதலும் முடிந்த பிறகும் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

மரம் நிலையில் 3 வயசுப் பிள்ளையால் ஒற்றைக் காலில் அதிக நேரம் நிற்க முடியாது. குதிக்காலை மற்றக் கணுக்காலில் சாய்த்து, விரல் தரையைத் தொட்டபடி நின்றால் அதுவே மரம். ஒரு கை சுவரில். பாதத்தை முழங்காலின் பக்கத்தில் வைத்து அழுத்த விடக் கூடாது. கணுக்கால் அல்லது கெண்டைக்கால், அவ்வளவுதான். கண் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் சமநிலை வரும், சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுங்கள்.

சூரிய நமஸ்காரத்தின் 12 படியும் இந்த வயசுக்கு நீளம், பாதியில் ஆளாளுக்கு வேறு திசை பார்ப்பார்கள். மூன்று போதும்: நேரே நிற்றல், கையை மேலே விரித்தல், முழங்காலைச் சற்று மடித்துக் குனிதல். வானவில்லுக்கு முதுகைப் பின்னால் வளைக்கும் சக்கர நிலை வேண்டவே வேண்டாம். முழங்காலில் நின்று ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் வளைத்தாலே அழகான வில்.

மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள், வேகமாக ஊதவும் விடாதீர்கள், தலைசுற்றும். தரையில் ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை வைத்து, ஒரே நீளமான மூச்சில் மெதுவாக நகர்த்தச் சொன்னால் காற்று பொருளைத் தள்ளும் என்பதும் விளங்கும், மூச்சும் நீளும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு மாரி காலத்தில் பஞ்சு கூட வேண்டாம், காகிதத் துண்டு கொடுங்கள். எந்த நிலையும் இரண்டு, மூன்று மூச்சுக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம்.

---

நெல்லும் நீரும் | அக்கரைப்பற்று

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அம்பாறைக் கரையோரத்தில் பல முன்பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். யோகா என்றதும் சில பெற்றாருக்குக் கேள்வி வருவது இயல்பு. அதைப் பெற்றார் கூட்டத்திலேயே, தொடங்க முதல், வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: மந்திரம் இல்லை, கைகூப்பல் இல்லை, நடப்பது நீட்டல், சமநிலை, மூச்சு. நிலைகளுக்கு மரம், படகு, மழை, வில் என்று பெயர் வைத்தால் பிள்ளைக்கும் லேசு. ஒரு தடவை பெற்றாரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று சொல்பவரின் பிள்ளைக்கு மழைச் சத்தம், துணி ஆட்டுவது என்று வேறு பங்கு கொடுங்கள், ஒதுக்கி இருத்த வேண்டாம். கவுன் போடும் பிள்ளைகளுக்கு உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டு அனுப்பச் சொல்வதும் முன்கூட்டியே சொல்ல வேண்டியதுதான்.

இனிப் புத்தகம். பனி வரும் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அதை முதல் புத்தகமாக எடுக்க வேண்டாம். முதல் மூன்று கிழமையும் நமது மழை, நமது வெயில், நமது காற்று. பிறகு "தூரத்தில் ஒரு ஊரில் இப்படியும் இருக்கும்" என்று காட்டலாம்.

வாங்க முதல் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மேகம் அழுது கண்ணீர் விடும் படம் அழகுதான், ஆனால் பிள்ளை மழையைச் சோகத்தோடு சேர்த்துக்கொள்ளும். வானவில்லுக்குப் பக்கத்திலேயே சிரிக்கும் சூரியனை வரைந்த புத்தகங்கள் ஏராளம். அது பிழை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போதுதான் முன்னால் வானவில் தெரியும். நமக்குக் காலை வானவில் மேற்கே, பின்னேர வானவில் கிழக்கே கடலுக்கு மேலே. நடுப்பகலில் சூரியன் உச்சியில் நிற்கையில் வானவில் தெரியாது. பள்ளி தொடங்கியதும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்து மெல்லிய தூறலாக அடித்தால் பிள்ளைகளே பார்ப்பார்கள். சிவப்பு வெளிப்பக்கம், ஊதா உள்பக்கம்.

வாசிக்கும் முறை: முதல் நாள் நேராக வாசியுங்கள், ஒரு அசைவும் வேண்டாம். முதல் வாசிப்பிலேயே எழும்பவைத்தால் கதை அறுந்து போகும். இரண்டாம் நாள் மூன்று, நாலு பக்கத்தில் நிறுத்தி அசைவு. மூன்றாம் நாள் நீங்கள் பக்கத்தைப் புரட்டுங்கள், கதையைப் பிள்ளைகள் உடம்பால் சொல்லட்டும். சாதாரண அளவுப் புத்தகத்தின் படம் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் தெரியாது. 22 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து அரைவட்டமாக இருத்துங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது பிள்ளைகளே செய்யும் புத்தகம். பள்ளி வாசலில் ஒரே இடத்தில் நின்று, ஒரே மரத்தை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனில் படம் எடுங்கள். டிமை என்ற பெரிய தாளை இரண்டாக மடித்து, படத்தை ஒட்டி, கீழே பிள்ளை சொன்ன வசனத்தை அப்படியே எழுதுங்கள். "இண்டைக்கு மரம் குளிச்சிருக்கு" என்று சொன்னால் அதையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கட்டுவதற்கு ஊசிநூல், கம்பிப் பின் அடித்தால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், விரலையும் கீறும். மேல் அட்டைக்குப் பொலித்தீன் உறை.

அதன் கடைசிப் பக்கங்களுக்கு மழைமானி. உடல் நேராக உள்ள ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனல் மாதிரிச் செருகி, வெட்டு விளிம்பை ரேப்பால் மூடுங்கள். இடுப்பு ஒடுங்கிய போத்தல் சரிவராது, அளவு பிழைக்கும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு. அதுதான் பூச்சியம். கூரைத் தண்ணீர் விழாத வெளியில், காற்றுக்குச் சரியாமல் மணலில் பாதி புதைத்து வையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு முடியும் 24 மணித்தியால மழையைக் கணக்கெடுக்கிறது, நீங்களும் அதே நேரம் பாருங்கள். பிள்ளைக்கு மில்லிமீற்றர் எண் வேண்டாம். தண்ணீர் எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்கு நீலத் தாள் வெட்டி அந்த நாளின் பக்கத்தில் ஒட்டட்டும். ஒரு கிழமையில் எந்த நாள் அதிகம் என்று பார்த்த உடனே சொல்வார்கள். பார்த்ததும் கோட்டுக்கு மேலே உள்ளதை ஊற்றிவிட்டு, கோடு வரை புதுத் தண்ணீர் மாற்றுங்கள். வெள்ளி பின்னேரம் முழுவதும் கவிழ்த்து வைக்க மறக்க வேண்டாம், நுளம்பு முட்டையிடும்.

---

வாவிக்கரை | மட்டக்களப்பு

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. மேகக் குழுவும் நீலத் தாளும் வருகிற கிழமையே தொடங்குகிறோம். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வீட்டுக்குள் வெள்ளம் வந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். முழக்கம் என்றாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். வெள்ளம், சூறாவளி பற்றிய அசைவை விட்டுவிடுவதா?

---

கொண்டல் | மட்டக்களப்பு

சூறாவளியை விளையாட்டாக ஆக்க வேண்டாம் டீச்சர். 1978 கார்த்திகைச் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட பெரியவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களின் பயம் பேச்சோடு பேச்சாகப் பிள்ளைக்கும் வந்து சேர்கிறது. படகு நிலையை "வெள்ளத்தில் தப்புகிறோம்" என்று செய்யாமல் வாவியில் மீன் பிடிக்கப் போகும் தோணியாகச் செய்யுங்கள்.

முழக்கத்தை விடத் தேவையில்லை, சத்தத்தின் கட்டுப்பாட்டைப் பயப்படும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். அந்தப் பிள்ளை கையை உயர்த்தினால் மற்றவர்கள் கால் தட்டுவார்கள், இறக்கினால் உடனே நிற்பார்கள். முதல் நாட்களில் மெல்லிய தட்டல்தான். காதைப் பொத்தினால் கையை எடுக்கச் சொல்லாதீர்கள். உங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதும் பங்கெடுப்பதுதான். வகுப்பைச் சத்தத்தோடு ஒருநாளும் முடிக்காமல், முழங்காலில் குனிந்து நெற்றியைப் பாயில் வைக்கும் குழந்தை நிலையில் இரண்டு மூச்சு இருக்கவிட்டு முடியுங்கள். நெற்றி எட்டாத பிள்ளை கையை மடித்து அதன்மேல் வைக்கலாம்.

வெளியே உண்மையாகவே முழங்கும் நாளில் அசைவை நிறுத்திவிட்டு, யன்னல், கம்பிக் கதவுப் பக்கம் விடாமல் அறையின் நடுவில் இருத்தி, மழைச் சத்தத்தை மட்டும் தொடையில் தட்டச் சொல்லுங்கள். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் வரும் இடைப்பருவக் காலத்தில் இடியோடு கூடிய மழை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகுதான், ஆனாலும் காலையில் இருட்டிக்கொண்டு வந்தால் முற்றத்துக்கு இறக்க வேண்டாம்.