இரண்டு யூரோவுக்குக் கிடைத்த அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ

பிரேமனிலிருந்து

ஞாயிறு காலைப் பழைய சாமான் சந்தையில் எந்தப் பெட்டியைக் கிளறினாலும் ஜேம்ஸ் லாஸ்ட் வந்துவிடுவார். ஜேர்மன் இசைக்குழுத் தலைவர். இந்த ஊர்க்காரர்தான், 1929இல் இங்கே பிறந்தவர். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய இசைத்தட்டுகள் எல்லாம் இப்போது சந்தைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. 1965இல் தொடங்கிய அவருடைய இடைவிடாத நடனத் தட்டுகளில் ஒன்றை முன்பே கேட்டிருக்கிறேன். பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டு. பின்னால் விருந்தினர் சிரிப்பும் கூவலும். கல்யாண வீட்டுப் பந்திக்குள் ஒலிபெருக்கியை வைத்தது போல இருக்கும். அதனால் அவர் முகத்தைக் கண்டாலே தள்ளிவிடுவது என் வழக்கம்.

அன்று தள்ளப் போன விரல் நின்றுவிட்டது. அவர் பெயரோடு அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ என்றும் போட்டிருந்தது. 'இபனேமா பெண்' என்ற பிரேசில் பாட்டைப் பாடியவர்! 1963 மார்ச்சில் நியூயார்க்கில் அதைப் பதிவு செய்தபோது கணவர் ஜுவாவ் போர்த்துக்கேய மொழியில் பாட, இவர் ஆங்கிலத்தில் பாடினார். தனிப்பாட்டாக வெளியிட்டவர்கள் கணவரின் பகுதியை வெட்டிவிட்டார்கள். உலகம் கேட்டது இவர் குரலைத்தான். ஊதினால் அணைந்துவிடும் குரல். அதைப் போய் இந்தக் கல்யாண வீட்டுக்குள் யார் கூட்டி வந்தார்கள்?

விற்பவர் இரண்டு யூரோ கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். தட்டின் பெயர் 'பிளஸ்', 1980களின் பிற்பகுதியில் பாலிடோர் வெளியிட்டது. வீட்டுக்கு வந்து ஊசியை வைத்துவிட்டு, எப்போது விருந்தினர் கூவப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூவவில்லை. 'சம்பா டோ சோஹோ' என்று ஒரு பாட்டு. 'இபனேமா பெண்' பாட்டுக்கு இசையமைத்த ஜோபிமின் மகன் பாவுலோ ஜோபிமும் ரொனால்டோ பாஸ்டோஸும் எழுதியது. அதை அன்று நான்கு முறை போட்டேன். அவ்வளவு பெரிய இசைக்குழு, அடுத்த அறையில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்பது போல நடந்துகொள்கிறது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்: அஸ்ட்ரூட்டின் தந்தை ஜேர்மானியர். வைனர்ட் என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர். பிறந்தது 1940இல், பாஹியாவின் சல்வடோர் நகரில். இந்த ஊர்க்காரரோடு அவர் சேர்ந்தது எனக்கு அதற்கு மேல் விசித்திரமாகப் படவில்லை.

கொலோனிலிருந்து

அண்ணா, நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஜேம்ஸ் லாஸ்டைத் தள்ளிவிடும் வசதி எனக்கு இல்லை. புதன்கிழமை காப்பியும் கேக்கும் வந்தால் அவரும் வந்தாக வேண்டும். 2015 ஏப்ரலில் அவருடைய கடைசிக் கச்சேரி இந்த ஊரில்தான் நடந்தது. ஜூனில் அவர் இறந்தபோது எங்கள் கூடத்தில் உறவினர் போனது போலப் பேசிக்கொண்டார்கள்.

ஒருமுறை மாற்றத்துக்கு இந்த 'பிளஸ்'ஸைப் போட்டேன். கரண்டியால் மேசையில் தாளம் போடுகிற தாத்தா ஒருவர் இருக்கிறார். இரண்டு பாட்டுக்குப் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில் கரண்டியை வைத்துவிட்டு, "இங்கே யாருடைய குழந்தையாவது தூங்குகிறதா?" என்று கேட்டார். எதிரே இருந்த அம்மா, "உங்களால் தூங்க முடியவில்லை என்பதற்காக மற்றவர்கள் கேட்கக் கூடாதா?" என்றார். அன்றிலிருந்து கூடம் இரண்டு கட்சி. அரை மணி நேரம் தாத்தாவுக்கு, அரை மணி நேரம் அம்மாவுக்கு. கேக்கை வெட்டுவதைவிட நேரத்தை வெட்டுவதுதான் கடினமாக இருக்கிறது.

பாரிஸிலிருந்து

அண்ணாவோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. அஸ்ட்ரூட்டுக்குப் பெரிய இசைக்குழு புதிதல்ல. 1966இல் ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸோடு 'லுக் டு தி ரெயின்போ' செய்தார். அதில் 'பெரிம்பாவ்' பாட்டைக் கேளுங்கள். வில்லில் ஒற்றைக் கம்பி, அடியில் சுரைக்குடுவை. அவ்வளவுதான் பெரிம்பாவ் என்ற அந்த வாத்தியம். தாளக் கலைஞர் டோம் உம் ரோமாவ் அதைத் தட்டத் தொடங்க, எவன்ஸின் ஊதுகருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அஸ்ட்ரூட்டின் குரலும் அவற்றுள் ஒன்றாகிவிடுகிறது. லாஸ்டோ அவருக்குக் கம்பளம் விரித்து, மெத்தையும் போட்டு உட்கார வைக்கிறார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: லாஸ்ட் அடிப்படையில் ஜாஸ் பாஸ் வாசிப்பாளர். 1950களின் தொடக்கத்தில் நாட்டின் சிறந்த பாஸ் கலைஞர் என்று ஜேர்மானிய ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். அந்தக் கை மெத்தைக்கு அடியிலும் தெரிகிறது.

பழைய இசைத்தட்டுக் கடையில் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் எவன்ஸைக் காகிதத்தில் பக்குவமாகச் சுற்றினார். லாஸ்டைச் சுற்றாமலே நீட்டினார். சமையல் செய்யும்போது எது அதிகம் ஓடுகிறது என்பதை அவரிடம் சொல்வதாக இல்லை.

மீண்டும் பிரேமனிலிருந்து

சரி தம்பி, எவன்ஸைத் தேடிப் பிடிக்கிறேன். 2023 ஜூனில், 83 வயதில், பிலடெல்பியாவில் அஸ்ட்ரூட் காலமானார் என்று கேட்ட அன்று வானொலியில் எங்கு திருப்பினாலும் இபனேமாதான். நான் சந்தைத் தட்டைத்தான் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் உண்டு. அந்த இடத்தில் ஒரு சொல் இரண்டு முறை வரும். என் மகள் அதையும் சேர்த்தே பாடிக்கொண்டு திரிகிறாள்.