எக்செல் மேக்ரோ: அளவை மாற்றினால் பக்கத்து செல்லில் தேதி விழவில்லை

கேட்டவர்:
வணக்கம். மளிகைக் கடைக்கு எக்செல்லில் சரக்குப் பதிவேடு வைத்திருக்கிறேன். பி காலத்தில் இருப்பைத் திருத்தினால் பக்கத்து சி செல்லில் தேதியும் நேரமும் தானாக விழ வேண்டும். நவ் ஃபார்முலா (இப்போதைய நேரம் தருவது) போட்டால், எந்த செல்லைத் திருத்தினாலும் எல்லா வரியிலும் நேரம் மாறிவிடுகிறது. அதனால் வொர்க்‌ஷீட் சேஞ்ச் நிகழ்வில் (செல்லைத் திருத்தியதும் தானாக எழுவது) மேக்ரோ (தானாக ஓடும் கோட்) எழுதினேன்: டார்கெட்டின் (மாறிய செல்லின்) மதிப்பு 0-க்கு மேல் இருந்தால் ஆஃப்செட்(0, 1), அதாவது வலப்பக்கத்து செல்லில் நேரம் எழுதும். நன்றாகத்தான் ஓடியது. நேற்று சப்ளையர் பட்டியலிலிருந்து பல வரிகளை மொத்தமாக ஒட்டியதும் 'ரன்டைம் எரர் 13, டைப் மிஸ்மேட்ச்' வந்தது. எண்ட் அழுத்தினேன். அப்புறம் தேதியும் விழவில்லை, எரரும் வரவில்லை. கோப்பு மேக்ரோவைச் சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எம் வகைதான், மேக்ரோ அனுமதியும் இருக்கிறது.

பதில் 1:
கோடின் தொடக்கத்தில் எனேபிள்ஈவென்ட்ஸை (நிகழ்வுகளை இயக்கும், அணைக்கும் அமைப்பை) ஃபால்ஸ் ஆக்குகிறீர்களா?

கேட்டவர்:
ஆமாம் அண்ணா. இல்லாவிட்டால் தேதி எழுதும்போதே மேக்ரோ திரும்ப ஓடுகிறது. கடைசி வரியில் ட்ரூ ஆக்குகிறேன்.

பதில் 1:
அந்தக் கடைசி வரி நேற்று ஓடவே இல்லை. எரரில் கோட் நடுவிலேயே நின்றதால் நிகழ்வுகள் அணைந்தே கிடக்கின்றன. ஆல்ட்+எஃப்11 (கோட் சாளரம் திறக்கும்), பிறகு கன்ட்ரோல்+ஜி அழுத்துங்கள். திறக்கும் இம்மீடியட் விண்டோவில் அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ் = ட்ரூ என்று அடித்து எண்டர் தட்டுங்கள். உடனே உயிர் வந்துவிடும்.

எரர் 13 வந்த காரணம் வேறு. பல செல்களை ஒட்டும்போது டார்கெட்டின் மதிப்பு ஒற்றை எண்ணாக வராது, அரேயாக (பல மதிப்புகளின் தொகுப்பாக) வரும். அதை 0-உடன் ஒப்பிட முடியாது. முதலில் இன்டர்செக்ட் போட்டு, மாறியவற்றில் பி காலத்துச் செல்களை மட்டும் பிரித்தெடுங்கள். எதுவும் இல்லையென்றால் அங்கேயே எக்ஸிட் சப் போட்டு மேக்ரோவை விட்டு வெளியேறுங்கள். இருந்தால் ஃபார் ஈச் சுற்றில் ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். ஃபால்ஸ் ஆக்கும் வரிக்கு முன்னால் ஆன் எரர் கோடூ (எரர் வந்தால் குறித்த இடத்துக்குத் தாவச் சொல்லும் வரி) கட்டாயம் வேண்டும். அது போய்ச் சேரும் இடத்தில் ட்ரூ வரியை வையுங்கள். அப்போது எது நடந்தாலும் நிகழ்வுகள் திரும்ப இயங்கும்.

பதில் 2:
இன்னொன்று. மேக்ரோ செல்லில் எழுதியதும் கன்ட்ரோல்+இசட் (செய்ததை மாற்றிப் பழையபடி ஆக்குவது) வேலை செய்யாது. கடைக் கணக்கு என்பதால் தினமும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் பி காலத்தில் ஃபார்முலா போட்டால், அதன் விடை மாறும்போது சேஞ்ச் நிகழ்வு எழாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது! மொத்தமாக ஒட்டினாலும் எல்லா வரியிலும் விழுகிறது. மிக்க நன்றி. நேற்று விடுபட்ட வரிகளில் எஃப்2, எண்டர் தட்டி நிரப்பிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், இன்றைய தேதி விழுந்துவிடும். அவற்றுக்கு மட்டும் சி காலத்தில் நேற்றைய தேதியைக் கையால் அடியுங்கள்.