அப்பா நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டும், உதவுங்கள்

வணக்கம். ஒடுகத்தூரில் இருக்கும் அப்பாவின் போஸ்ட்பெய்டு நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றப் பார்க்கிறேன். வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாக இல்லை, வேலூரிலிருந்து நான் கூப்பிட்டால் அவர் திண்ணைக்கு வந்து, முருங்கை மரத்தடியில் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. மழை நாளில் அதுவும் இல்லை.

1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பினால் பில் பாக்கி என்று நிராகரித்துவிடுகிறார்கள். ஆனால் 471 ரூபாயை வெள்ளிக்கிழமையே ஜிபேயில் கட்டிவிட்டேன், ரசீதும் கையில் இருக்கிறது. கஸ்டமர் கேரில் ஆளுக்கொரு பதில். இத்தனைக்கும் பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாமே இந்த நம்பரில்தான், அது போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம்.

கட்டிய பணம் கணக்கில் ஏற எத்தனை நாள் ஆகும்? மாதாமாதம் பணம் எடுக்கும் ஆட்டோபேயை இப்போதே நிறுத்தலாமா, இல்லை கடைசி பில் வந்த பிறகா? போர்ட் கோடு வந்தால் நாலு நாள்தான் செல்லும், அதற்குள் காட்பாடிக்கு அழைத்து வந்து கைரேகை வைக்க வேண்டும், 68 வயது அவருக்கு. அப்புறம், ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் இருப்பவர்கள், உங்கள் வீட்டுக்குள் எந்த சிம் எடுக்கிறது என்று சொல்லுங்கள்.