கண்மாய் மண்ணில் பிள்ளைகள் செய்த பொம்மைகளைச் சுடுவது எப்படி?

எங்கள் தெருப் பிள்ளைகள் செய்யும் மண் பொம்மைகள் காயும்போதே விரிசல் விடுகின்றன. ஊர் சிவகங்கைப் பக்கம். வைகாசியில் கண்மாய் தூர்வாரிய மண் தெருமுனையில் குவிந்து கிடக்கிறது. யாரும் சொல்லித்தராமலே பள்ளி விட்டதும் கூட்டம் அங்கேதான். டிராக்டர், ஜல்லிக்கட்டுக் காளை, அப்புறம் முழ உயரத்துக்கு ஒரு தேர். சக்கரத்துக்கு சோடா மூடி, வடத்துக்குச் சணல். காளையின் திமிலில் சின்ன விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. இதெல்லாம் மழையில் கரைந்துபோக விட மனசே வரவில்லை.

மண் கருப்பு, நல்ல பிசுபிசுப்பு. காலும் கொம்பும் உடம்போடு சேரும் இடத்தில்தான் முதலில் விரிகிறது. நிழலில் காயவைத்தோம், ஈரத்துணி போர்த்தினோம், பயனில்லை. ஆற்றுமணல் கலந்ததும் விரிசல் குறைந்தது. ஆனால் விறகடுப்பில் வைத்த காளை டப்பென்று சிதறிவிட்டது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியானதுதான் காரணமாக இருக்கும். சுமார் 600 டிகிரி சூடாவது ஏறினால்தான் மண் மறுபடி தண்ணீரில் கரையாது. மானாமதுரைச் சூளைக்குக் கொண்டுபோகலாம் என்றால் வழியிலேயே உடைந்துவிடும்.

வரட்டி, உமி, வைக்கோல் வைத்துக் கொல்லையிலேயே இவற்றை வெடிக்காமல் சுட என்ன செய்ய வேண்டும்?