மளிகைக் கடை நடத்தும் அந்த ஜப்பான் நடிகை யாருங்க?

கோபி கடைக்காரி:
எங்களுக்குக் கோபி பக்கம் மளிகைக் கடை. வீட்டுக்காரர் தவறிப் பதினொரு வருசம் ஆகிறது, கல்லாவில் நான்தான். போன மாதம் லீவுக்கு வந்த மகன், "உன் கதை மாதிரியே இருக்கும், பாரும்மா" என்று ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுவிட்டான். 1964இல் வந்ததாம், பெயர் மிதரேரு. இரண்டாம் உலகப் போரில் புருசனைப் பறிகொடுத்தவள், குண்டுவீச்சில் போன கடையை மறுபடி எழுப்பிப் பதினெட்டு வருசம் நடத்துகிறாள். அப்புறம் பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் வந்து முட்டையை அடிமாட்டு விலைக்கு விற்கிறது.

எங்கள் தெருமுனையிலும் ஒன்று வந்திருக்கிறது. முதல் வாரமே சர்க்கரையை என் கொள்முதல் விலைக்கும் கீழே போட்டார்கள். கவுந்தப்பாடி வெல்லம் மட்டும்தான் இன்னும் என்னிடம் தேடி வந்து வாங்குகிறார்கள்.

கொழுந்தன் காதல் சொல்வதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா கடையில் நிற்கிற நிலை இருக்கிறதே, அது நடிப்பு மாதிரியே இல்லை. நிஜத்தில் கடை வைத்திருந்தவரா? வேறு படம் இருந்தால் சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறிக்காரன்:
அக்கா, அவர் பெயர் ஹிதெகோ தகமினெ. கடை வைத்திருந்ததில்லை. ஆனால் ஐந்து வயதிலேயே சம்பாதிக்க ஆரம்பித்தவர். 1924இல் ஹொக்கைடோ தீவின் ஹகோடாத்தேயில் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, அத்தை தத்தெடுத்து டோக்கியோவில் வளர்த்தார். 1929இல் ஸ்டூடியோவை வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போன இடத்தில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இவரையும் வரிசையில் விட்டார்கள், இவரே தேர்வானார். பையன் வேடம்கூடக் கட்டினார். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போக வாய்க்கவில்லை, அந்தச் சம்பளத்தை நம்பிச் சொந்தபந்தம் ஒரு கூட்டமே இருந்தது. நடிப்பு தனக்குப் பிடித்த வேலை இல்லை என்று பின்னால் அவரே எழுதினார். பிடிக்காத வேலையை இத்தனை சுத்தமாகச் செய்தவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நீங்கள் பார்த்த படத்துக்குத் திரைக்கதை எழுதியதே அவர் வீட்டுக்காரர் ஸென்ஸோ மட்சுயாமாதான். 1955இல் கல்யாணம் நடந்தபோது அவர் உதவி இயக்குநர், இந்த அம்மா பெரிய நட்சத்திரம். கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பை விடவில்லை.

தாராபுரம் வாத்தியார்:
அம்மிணி, "இருபத்து நான்கு கண்கள்" பாருங்க, 1954 படம். ஷோதோ தீவுக்கு ஒரு இளம் டீச்சர், அதுவும் தகமினெதான், சைக்கிளில் வருகிறார், ஊரே முகம் சுளிக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகள், அதுதான் இருபத்து நான்கு கண்கள். 1928இல் தொடங்கி, போர் முடிந்த மறுவருசம் வரை கதை போகிறது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு முகஜாடை மாறக் கூடாதென்று இயக்குநர் கினோஷிதா நிஜ அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளாகத் தேடிப் பிடித்தாராம். ஜப்பானின் கினெமா ஜும்போ சினிமாப் பத்திரிகை போட்ட அந்த வருசத்துச் சிறந்த படப் பட்டியலில் இதுதான் முதலிடம், குரோசவாவின் பேர்பெற்ற செவன் சாமுராய் படத்துக்கே மூன்றாவது இடம்தான். முப்பது வருசம் மூலனூர்ப் பக்கம் சைக்கிள் மிதித்தவன் சொல்கிறேன், கைக்குட்டை எடுத்து வையுங்கள்.

சென்னிமலைத் தறிக்காரன்:
வாத்தியார் ஐயா சொன்னது சரிதான். ஆனால் அக்காவுக்கு முதலில் இயக்குநர் நரூசேயின் படங்கள்தான் ஏற்றவை. மிதரேருவும் அவர் எடுத்ததுதான், தகமினெ அவரிடம் மொத்தம் 17 படம் நடித்திருக்கிறார். "ஒரு பெண் படியேறும்போது" (1960) பாருங்கள். டோக்கியோவின் கின்ஸா பகுதியில் பார் நடத்தும் விதவை, தினம் சாயங்காலம் மாடிப்படி ஏறப் பிடிக்காமல் ஏறுகிறாள். வாடகை, துணிச் செலவு, அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பது என்று படம் முழுக்கக் கணக்குத்தான். அதில் உடைகளுக்கும் தகமினெதான் பொறுப்பு.

கோபி கடைக்காரி:
தம்பி, ஞாயிறு மதியம் கடை சாத்திவிட்டுப் பார்த்தேன். மேலே போய் நின்றதும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது பாருங்கள், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது எனக்கு வருவது அதேதான். அவர் எப்போது நடிப்பை விட்டார்?

சென்னிமலைத் தறிக்காரன்:
1979இல், 55 வயதில். அப்புறம் எழுதிக்கொண்டு இருந்தார். 2010 டிசம்பரில் தவறினார்.

கோபி கடைக்காரி:
எனக்கு இந்த ஆடி வந்தால் ஐம்பத்து நான்கு. கடன் நோட்டில் இருப்பவர்கள் பாக்கியைக் கட்டிவிட்டால் நானும் யோசிக்கலாம்! வாத்தியார் ஐயா, உங்கள் படம் அடுத்த ஞாயிறுங்க. கல்லாவில் உட்கார்ந்து அழுதால் நன்றாக இருக்காது.