மைசெல் கேப்சூலுக்கு மூணு மடங்கு விலை கொடுக்கலாமா?

சிம்மக்கல் மருந்துக்கடை:
நேற்று ஒரு மருந்துக் கம்பெனி ரெப் மஞ்சள் கேப்சூல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே மஞ்சளில் இருக்கும் குர்குமின், கூடவே பாலிசார்பேட் 80 என்ற சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு போல எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பொருள். அதன் மூலக்கூறுகள் திரண்டு, கரையாத மருந்தை உள்ளே வைத்துக்கொள்ளும் நுண்ணிய உருண்டைதான் மைசெல். "மைசெல் டெக்னாலஜி சார், உடம்பு அப்படியே இழுத்துக்கும்" என்றார். விலை சாதாரண மஞ்சள் கேப்சூலைப் போல மூணு மடங்கு. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். தண்ணீரில் கரையாத மருந்தைக் கரைக்கத்தான் பித்தநீர் இருக்கிறதே! எண்ணெய்ச் சாப்பாடு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், அதிலுள்ள பித்த உப்பும் லெசித்தின் என்ற கொழுப்பும் சேர்ந்து மைசெல் தானாக உருவாகும். படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் கொழுப்புச் சாப்பாட்டோடு ரத்தத்தில் நன்றாக ஏறும் என்பது 1960களிலேயே தெரிந்த சங்கதி. ஒரு கறிதோசை சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடச் சொன்னால் முடிந்தது. இதற்கு எதற்குத் தனிக் காசு?

பார்மசி மாணவி:
அண்ணே, கறிதோசை இறங்குகிற ஆளுக்கு நீங்கள் சொல்வது சரி. வாந்தியில் கிடப்பவர், பித்தநீர் குடலுக்கே வராதவர் என்ன செய்வார்? மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் கதையைப் பாருங்கள். 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதன் பிராண்டான சாண்டிமியூன் எண்ணெயில் கரைத்த மருந்து. அது குடலில் பிரிந்து கலக்கப் பித்தநீர் வேண்டும். கல்லீரல் மாற்று முடிந்து, பித்தநீரைக் குழாய் வழியே வெளியே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒழுங்காக ஏறவில்லை. மாற்று உறுப்பைக் காக்க வேண்டிய மருந்து, ரத்தத்தில் அளவு குறைந்தால் உறுப்பே போய்விடும். 1995-ல் அங்கே வந்த, அதே மருந்தின் புது வடிவமான நியோரலில் சர்ஃபாக்டன்ட்டும் சேர்த்தார்கள். குடல்நீர் பட்டதும் தானே நுண்துளிகளாகப் பிரியும், பித்தநீரை அவ்வளவாக நம்பியிருக்காது. கறாராகச் சொன்னால் இது மைசெல் இல்லை, நுண்ணிய எண்ணெய்த் துளிகள் கலந்த மைக்ரோ எமல்ஷன். ஆனால் நோக்கம் ஒன்றுதான்: உணவு, பித்தம் எப்படி இருந்தாலும் மருந்தின் அளவு ஏறி இறங்கக் கூடாது. நீங்கள் மருந்து ஏறுகிறதா என்று பார்க்கிறீர்கள், நான் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறேன்.

உசிலை கெமிஸ்ட்ரி:
இரண்டு பேருமே அளவு என்ற ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். சர்ஃபாக்டன்ட் தண்ணீரில் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால்தான் மைசெல்லாகத் திரளும். மாத்திரைகளில் சேர்க்கும் இன்னொரு சர்ஃபாக்டன்ட்டான சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்குச் சுத்தத் தண்ணீரில் அது லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம். மாத்திரையோடு குடிக்கும் ஒரு டம்ளர், 250 மில்லி என்று வைத்தால், அரை கிராமுக்கு மேல் தேவை. குடலில் உப்பு இருப்பதால் அந்த வரம்பு இறங்கும்தான். அப்படியும் மாத்திரையில் போடும் பத்து மில்லிகிராமுக்கு மைசெல்லாக நிற்க வழியில்லை, அது தூளை நனைக்கத்தான் உதவும். பாலிசார்பேட் 80 வேறு ரகம். லிட்டருக்கு 15 மில்லிகிராம் பக்கம் வந்தாலே திரண்டுவிடும். நூறு மில்லிகிராம் போட்டால் அதே டம்ளரில் லிட்டருக்கு 400, வரம்பைப் போலப் பல மடங்கு. அதனால் ரெப்பிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த சர்ஃபாக்டன்ட், எத்தனை மில்லிகிராம். பெட்டியில் மைசெல் என்று அச்சடித்திருப்பதால் உள்ளே மைசெல் இருந்துவிடாது.

அப்புறம் இன்னொன்று. மைசெல்லுக்குள் இருக்கும் மருந்து குடல் சுவரை அப்படியே தாண்டாது. வெளியே தனியாக மிதக்கும் மூலக்கூறுதான் தாண்டும். சர்ஃபாக்டன்ட்டை அள்ளிக் கொட்டினால் கரைதிறன் கூடும், தனியாக இருப்பதன் பங்கு குறையும், ஊடுருவல் மந்தமாகும். டெஸ்ட் ட்யூபில் பிரமாதமாகக் கரைந்த மருந்து ரத்தத்தில் ஏறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்மசி மாணவி:
சார், உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தனி மூலக்கூறு சுவருக்குள் போகப்போக மைசெல் அடுத்ததை விடும். அதனால் ஊடுருவல் கெடுவது அளவுக்கு மீறிப் போடும்போதுதான். கரைந்தால்தான் ஏறும் என்ற நிலையில் இருக்கும் மருந்துக்கு மைசெல் லாபம்தான். கரைவதும் குறைவு, கரைந்தும் ஊடுருவாது என்று இருக்கும் மருந்துகளை நாலாம் வகுப்பு என்பார்கள்; அவற்றுக்கு மைசெல் மட்டும் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சிம்மக்கல் மருந்துக்கடை:
வகுப்பெல்லாம் இருக்கட்டும் தாயி, கடையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரே சீட்டில் பூஞ்சைக்கான இட்ராகொனசோல் கேப்சூலும், வயிற்று அமிலத்தை அடக்கும் பான்டோப்ரசோலும் எழுதி வருகிறது. அந்த இட்ராகொனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு போட வேண்டும். நாமே அமிலத்தை அடக்கிவிட்டு மருந்து ஏறவில்லை என்கிறோம். இட்ராகொனசோல் சிரப்போ வெறும் வயிற்றில் குடிக்க வேண்டியது, அதைக் கரைத்திருப்பது சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு. ஒரே மருந்து, இரண்டு வடிவம், இரண்டுக்கும் நேர்மாறான யோசனை. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மூணு மடங்கு விலைக்கு மட்டும் ஆள் வருகிறது.

திருமங்கலம் டாக்டர்:
இட்ராகொனசோல் விஷயத்தில் அண்ணன் சொல்வது உண்மை. அந்தச் சீட்டுகளை எழுதுவது எங்கள் ஆட்களேதான். ஆனால் மஞ்சள் கேப்சூலை விலைக்காக மட்டும் திருப்பி அனுப்பியது போதாது.

மைசெல் குர்குமின் "185 மடங்கு" ஏறும் என்று ரெப் சொன்னாரா? 2014-ல் ஜெர்மனியில் வந்த ஆய்வு அது. சாதாரண குர்குமின் தூளை மைசெல் வடிவத்தோடு ஒப்பிட்டார்கள். எண் சரிதான். ஆனால் அளந்தது மொத்தக் குர்குமின். ரத்தத்தில் அதில் பெரும்பகுதி குளுக்குரோனைடு, அதாவது வெளியேற்றுவதற்காக உடம்பு வேறொரு மூலக்கூறோடு ஒட்டிவைத்த வடிவம், நொதி போட்டுப் பிரித்து எண்ணினார்கள். தனிக் குர்குமின் அத்தனை மடங்கு கூடிவிட்டதாக இதற்கு அர்த்தம் வராது. தூளாகப் போட்டால் ஏறுவதே அற்பம், அதனால் மடங்குக் கணக்கு பிரமாண்டமாகத் தெரியும்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறு. 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மஞ்சள், குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று எச்சரித்தது. உறிஞ்சுதலைக் கூட்டிய தயாரிப்புகளிலும் அதிக அளவிலும் ஆபத்து கூடலாம் என்று குறிப்பிட்டார்கள். மிளகின் பைப்பரின் சேர்த்தவையும் இந்தக் கணக்கில்தான். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. என்னிடம் வருகிறவர்களிடம் மாத்திரைப் பட்டியல் கேட்டால் இந்தக் கேப்சூலைச் சொல்லவே மாட்டார்கள், "அது மஞ்சள்தானே டாக்டர்" என்பார்கள்.

பார்மசி மாணவி:
அது நன்றாக ஏறுகிறது என்பதற்குத்தானே டாக்டர் இதுவே சாட்சி! பழி மஞ்சள் வியாபாரத்தின் மேல் விழட்டும், மைசெல் மேல் வேண்டாம்.

சிம்மக்கல் மருந்துக்கடை:
விழட்டும். ரெப் திங்கட்கிழமை மறுபடி வருகிறேன் என்றிருக்கிறார். கெமிஸ்ட்ரி வாத்தியார் சொன்ன மில்லிகிராம் கேள்வியையும் டாக்டர் சொன்ன கல்லீரல் கேள்வியையும் அட்டையில் எழுதிக் கவுன்ட்டரில் வைத்திருக்கிறேன்.