இடம் மாறிய பதிவு அலுவலகமும் பாட்டியின் கைநாட்டும்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல் பேத்தி:

கோலாலம்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகம் புது இடத்துக்குப் போன பிறகு இங்கே யாராவது போனீர்களா? நான் போன மாதம் போனேன், இன்னும் மனது ஆறவில்லை. அம்மாவின் பிறப்புப் பதிவைப் பார்க்கத்தான் போனது. அம்மாவுக்கு 76 வயது, கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், மருத்துவச்சி பார்த்த பிரசவம், இரண்டு வருடம் கழித்து சூராட் சும்பா (சத்தியக் கடிதம்) கொடுத்துத்தான் பதிந்திருக்கிறார்கள். பழைய இடம் என்றால் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே. இங்கே எந்த வாசல் என்று தெரியாமல் கட்டடத்தையே ஒரு சுற்று சுற்றினோம், அம்மாவுக்கு முட்டி வலி வேறு. ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் ஆள்தான் உள்ளே என்று ஜாகா (காவலாளி) சொல்லிவிட்டார். அம்மாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. புத்தகங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கின்றன, பழைய அலமாரி எண்ணும் புது எண்ணும் ஒத்துவரவில்லை, இரண்டு தடவை வேறு கோப்பை எடுத்து வந்தார், மூன்றாவது தடவைதான் சரியானது வந்தது. அப்போது மணி நாலரை.

காகிதம் தேநீர்க்கறை நிறத்தில் இருந்தது. தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) எழுத்து சாய்வாக, மணி மணியாக. கீழே ஊதா மசியில் ஒரு கட்டைவிரல். எங்கள் பாட்டியின் கைநாட்டு. ரேகைகளுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாகச் சாய்ந்து, மசி படாத ஒரு வெள்ளைக் கோடு. பாட்டியின் இடது கட்டைவிரலில் தழும்பு உண்டு. சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிடும்போது அது காதோரம் உரசும், அந்தச் சொரசொரப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் இறந்து 31 வருடம் ஆகிறது.

படம் எடுக்கக் கூடாது, நகல் வேண்டுமானால் தனி விண்ணப்பம், அதற்கு நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். வெளியே வந்து அம்மாவிடம் "கிடைத்தது அம்மா" என்று மட்டும் சொன்னேன். தழும்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய அம்மாவின் விரலை அவர் பார்க்காமல் நான் மட்டும் பார்த்துவிட்டு வந்தது இன்னும் உறுத்துகிறது.

பிறைக்காரன்:

அக்கா, படித்ததும் எனக்கும் எழுதவேண்டும் போல் ஆகிவிட்டது. நான் பினாங்கிலிருந்து இரவு பஸ் ஏறிக் காலையில் கோலாலம்பூர் வந்து அதே இடத்துக்குத்தான் போனேன். எங்கள் தாத்தா 1921-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர், நோய் பரவாமல் இருக்க பூலாவ் ஜெரஜாக் தீவில் இறக்கி ஒரு வாரம் அடைத்து வைத்திருந்தார்களாம், அப்புறம்தான் தோட்டத்துக்கு விட்டார்கள். அவருடைய இறப்புப் பதிவு கிடைத்தால் அதிலிருந்து பின்னால் போகலாம் என்று நினைத்தேன்.

கவுண்டரில் பாரத்தைத் தள்ளி, "நாமா பாப்பா?" என்று கேட்டார் அதிகாரி. தாத்தாவுடைய அப்பா பேர். என் அப்பா பேரைச் சொன்னேன், இல்லை, இவருடைய அப்பா என்றார். எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஈப்போவில் அத்தைக்குப் போட்டேன், அவரும் யோசித்து யோசித்து "ஊரில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்களாம்" என்றார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பொறுமையாகத்தான் நின்றார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். நம் ஆட்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேர்தான் எல்லாம், அது தெரியாமல் போனால் அதற்கு மேலே கதவு இல்லை.

ஓய்வு ஆசிரியர் (கிள்ளான்):

தம்பி, தவறாக நினைக்கவேண்டாம், ரஜூலா 1926-ல் கட்டப்பட்ட கப்பல். 1921-ல் அதில் வந்திருக்க முடியாது. நம் வீடுகளில் எல்லாக் கப்பலையும் ரஜூலா என்றே சொல்லிப் பழகிவிட்டோம், 1973 வரை ஓடியது அல்லவா. ஆண்டு தவறா, கப்பல் தவறா என்று முதலில் முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் தேட வேண்டிய புத்தகமே மாறிப்போகும்.

நான் என் மாமனார் பதிவுக்காகப் போனேன், இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் போவதற்கு முன் நான் செய்ததைச் சொல்கிறேன். பேரை எத்தனை விதமாக எழுதியிருக்க முடியுமோ அத்தனையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிராணி காதில் விழுந்ததை எழுதினார், அவர் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருந்தால் அதற்கேற்ற மாதிரி. ராமசாமி ஒரு தாளில் ஐ-யில் முடியும், இன்னொன்றில் ஒய்-யில் முடியும். அம்மாள் என்பது அம்மா ஆகும், அமா ஆகும். நம்முடைய ழ, ள இரண்டும் ஒரே எல் எழுத்துக்குள் போய்விடும். என் மாமனார் பேர் நான்கு தாளில் நான்கு விதம். அப்புறம், பழைய தாள்களில் இன்னார் மகன், மகள் என்பதற்கு ஆங்கிலத்தில் எஸ்-ஓ, டி-ஓ என்று இருக்கும், பிறகு வந்தவற்றில் மலாயில் ஏ-எல், ஏ-பி, இரண்டிலும் தேடவேண்டும்.

ஐசி (அடையாள அட்டை) எண்ணை வைத்துத் தேடுகிறவர்கள், ஐசி வந்ததே 1948-ல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன் இறந்தவருக்கு எண்ணே இருக்காது. அதில் உள்ள பிறந்த தேதியையும் அப்படியே நம்பவேண்டாம், பலருக்கு வயதைக் கேட்டு ஆண்டைக் கணக்குப் போட்டதுதான். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்து வந்தார் என்று வீட்டில் சொன்னால் 1938-க்கு முன்னால் தேடுங்கள், அந்த ஆண்டு இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. தோட்டக் கோப்புகள், அரசாங்கக் கடிதங்கள் பார்க்க வேண்டுமானால் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் (பழைய ஜாலான் டூத்தா) தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பென்சில் எடுத்துப் போங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு, மரண அறிவித்தல்களைப் பாருங்கள். வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் அதைத் துழாவுங்கள். 1960-ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத்து மக்கள் நிறையப் பேர் பங்கு வாங்கினார்கள், அந்தத் தாளில் உங்கள் தாத்தா பேர் இருக்கலாம். தோட்டப் பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்தையும் விடாதீர்கள், பள்ளி இடம் மாறியிருந்தாலும் தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். போவதற்கு முன் போன் போட்டு உறுதி செய்துகொண்டால் வாசல் தேடி அலையவேண்டாம்.

பத்துமலை வாசி:

ஐயா, நீங்கள் சொன்ன அத்தனையும் சரி, ஆனால் அது தாள் இருக்கிறவர்களுக்கு. தாளே இல்லாதவர்கள் என்ன செய்வது?

எங்கள் பெரியதாத்தாவை 1943-ல் ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களோடு லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டு போனான். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம், அந்த வேலையில் எந்த இடத்தில் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. செக் ரோலில் (தோட்டத்து ஆட்களின் வருகைப் புத்தகத்தில்) பேர் இருந்தது, அடுத்த மாதம் இல்லை, அவ்வளவுதான் தோட்டத்துக்குத் தெரிந்தது. புது அலுவலகத்தில் எல்லாம் கணினி ஆகிவிட்டது, இப்போது தேடினால் கிடைக்கும் என்று யாரோ சொல்லித்தான் போனேன். அதிகாரி தட்டிப் பார்த்தார், எழுத்தை மாற்றி மாற்றி (ஐயா சொன்ன மாதிரிதான்) ஏழெட்டுத் தடவை தட்டினார். கடைசியில் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். ரெக்கோட் திடாக் டிஜும்பாய். பதிவு கிடைக்கவில்லை.

பெரியபாட்டி 1988 வரை உயிரோடு இருந்தார். ஒரு நாளும் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. செத்தார் என்று எவன் வந்து சொன்னான் என்று கேட்பாராம். விசேஷ வீட்டில் சிலர் முகம் சுளிப்பார்கள், அவர் முன்வரிசையில்தான் உட்காருவார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அவர் சொன்னதையேதான் அரசாங்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறது. தாளை மடிக்க மனம் வரவில்லை, நேராகவே பிடித்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ராணி:

செந்தூல் அக்கா எழுதியதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. ஓர் ஆள்தான் என்பது பொதுவான வரிசைக்கு. யாருடைய பதிவோ அவரே வந்திருக்கிறார் என்று சொன்னால் விடுகிறார்கள், நான் என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் உள்ளே வரைக்கும் கொண்டுபோனேன், அதே ஜாகாதான் கதவைப் பிடித்துக்கொண்டார். நம் ஆட்கள் கேட்கத் தயங்குகிறோம். அம்மாவுடைய பிறப்புப் பதிவுக்கு அம்மா உள்ளே போகாமல் வேறு யார் போவது? மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா, மழைக்காலம் வருவதற்கு முன்னால் போங்கள், காலை எட்டரைக்கே போய்விடுங்கள்.

பிறைக்காரன்:

ஆசிரியர் ஐயாவுக்கு: அத்தையிடம் மறுபடி கேட்டேன். தாத்தா இரண்டு தடவை வந்திருக்கிறார். முதலில் தனியாக, அப்புறம் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துப் பாட்டியோடு. ரஜூலா பாட்டி வந்த கப்பல். கடலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததைப் பாட்டி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தப் பேர்தான் வீட்டில் நின்றது, தாத்தா வந்த கப்பலின் பேரை யாரும் கேட்டு வைக்கவில்லை. உங்களால்தான் இது தெரிந்தது, நன்றி. அப்பா பேர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

செந்தூல் பேத்தி:

ராணி சொன்ன மாதிரி செவ்வாய்க்கிழமை அம்மாவோடு போனேன். "இவர்தான், இவருடைய பதிவு" என்றதும் ஜாகா வழிவிட்டார். முதல் தடவை நான் கேட்கவே இல்லை என்பது உண்மைதான்.

கோப்பு இந்த முறை சீக்கிரம் வந்தது, அந்தப் பெண் பெட்டி எண்ணைக் குறித்து வைத்திருந்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தழும்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கத்தி தீட்டும்போது வெட்டியது, நான் அப்போது வயிற்றில் ஏழு மாதம், மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போனதாம்" என்றார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் மலாயில், தொடலாமா என்று கேட்டார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோப்பைக் கொஞ்சம் அம்மா பக்கமாக நகர்த்தி வைத்தார்.

நகலுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். மூன்று வாரத்தில் வருமாம். வந்ததும் எழுதுகிறேன்.